எச் விசையை அழுத்திப் பாருங்கள்: உபுண்டுவில் தமிழ்99 தகராறு செய்யும்போது

விண்டோஸில் பதினொரு வருடம் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் அடித்துப் பழகிய கை என்னுடையது. பழைய மடிக்கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்காது என்று தெரிந்ததும் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 24.04 போட்டேன். வைஃபை, பிரிண்டர் எல்லாம் தானாக வேலை செய்தன. தமிழ் மட்டும் வரவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க எதையெதையோ நிறுவி, நீக்கி, மறுபடி நிறுவி, மூன்று முறை கணினியை அணைத்துப் போட்டேன். கடைசியில் பார்த்தால் முதல் தடவை நிறுவியதே சரியாகத்தான் இருந்திருக்கிறது, நான் தேர்ந்தெடுத்த பலகைதான் வேறு.

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்வது: எதையும் நீக்காதீர்கள். ஒரு உரைத்திருத்தியைத் திறந்து, மொழியைத் தமிழுக்கு மாற்றி, ஆங்கில எச் விசையை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். என்ன எழுத்து வருகிறது என்று பாருங்கள்.

க வந்தால் உங்களிடம் இருப்பது தமிழ்99. பலகை சரி, கோளாறு வேறு எங்கோ. ப வந்தால் அது இன்ஸ்கிரிப்ட், இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் வார்த்த பலகை. துணைக்கால் மட்டும் தனியாக, பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தோடு வந்தால் பழைய தட்டச்சுப் பலகை. ஹ் வந்தால், ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழ் அடிக்கும் ஒலிப்பு முறைகளில் ஏதோ ஒன்று. ஆங்கில எச் அப்படியே வந்தால் பலகை இன்னும் விழிக்கவே இல்லை. ஐரோப்பிய மொழிக்காரர்கள் தலையில் கோடு போட்டு எழுதுவார்களே, அந்த மாதிரி எழுத்து வந்தால் அது இன்னொரு கதை, கீழே வருகிறது.

இந்த ஒரு விசைக்கு என்ன பதில் வந்தது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

பட்டியலில் தமிழ்99 என்ற பெயரே இல்லை

செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் இன்புட் சோர்சஸ், அதன் கீழே கூட்டல் குறி. தமிழ் என்று தேடினால் இன்ஸ்கிரிப்ட் வருகிறது, தமிழ்நெட் '99 என்று இரண்டு மூன்று வருகிறது, தமிழ்99 மட்டும் வரவில்லை. இது கோளாறு இல்லை. அதற்கான பொதியை (பேக்கேஜ்) இன்னும் நிறுவவில்லை, அவ்வளவுதான்.

பொதியின் பெயர் ஐபஸ்-எம்17என். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், ஐபஸ்-க்குப் பிறகு ஒரு சிறுகோடு, அப்புறம் எம், 17 என்ற எண், கடைசியில் என். பன்மொழியாக்கம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் முதலெழுத்து எம், கடைசி எழுத்து என், நடுவில் 17 எழுத்து, அதனால் இந்தப் பெயர். வைத்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும், தேடுகிறவனுக்கு இல்லை. உபுண்டுவின் செயலிக் கடையில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், இது சன்னல் திறக்கிற செயலி இல்லை என்பதால் அங்கே காட்டாது. கட்டளை அடிக்கிற சன்னலான டெர்மினலைத் திறந்து சூடோ, ஆப்ட், இன்ஸ்டால் என்ற மூன்று சொல்லையும் ஆங்கிலத்தில் அடித்து நான்காவதாகப் பொதியின் பெயரைக் கொடுங்கள். டெர்மினல் பயமாக இருந்தால் சினாப்டிக் என்ற பொதி மேலாளரை நிறுவிக்கொண்டு அதில் தேடலாம்.

நிறுவியாயிற்று, இன்னும் பட்டியலில் இல்லையா? நான் முதலில் சறுக்கியது இங்கேதான். ஐபஸ் என்பது நாம் தட்டும் விசையைத் தமிழ் எழுத்தாக்கித் தர, பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு சேவை, அது கிளம்பும்போது எந்தப் பலகைகள் இருந்தனவோ அவைதான் அதற்குத் தெரியும். வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள், லாக் அவுட் போதும். செட்டிங்ஸ் சன்னலை மூடித் திறப்பதால் ஒன்றும் ஆகாது. இப்போது தமிழின் கீழே அடைப்புக்குள் எம்17என் என்று போட்ட ஒரு கூட்டமே தெரியும்: தமிழ்99, ஐட்ரான்ஸ், ஃபொனெடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட், ரெங்கநாதன் என்று. முதல் பார்வையில் கண்ணில் படவில்லை என்றால் பட்டியலின் அடியில் மூன்று புள்ளி இருக்கும், அதை அழுத்தி விரியுங்கள்.

தமிழ்நெட் '99 என்று இருந்ததைத்தான் போட்டேன், எழுத்தெல்லாம் இடம் மாறி வருகிறது

என் சாயங்காலத்தைத் தின்றது இதுதான். பெயரைப் பார்த்தால் யாருக்கும் ஏமாற்றம் வரும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது, அதிலிருந்துதான் தமிழ்99 பலகை வந்தது, ஆகவே தமிழ்நெட் '99 என்றால் தமிழ்99 தானே என்று நினைத்துச் சேர்த்துவிடுவோம். ஆனால் லினக்ஸின் அடிப்படை விசைப்பட்டியலில், அதாவது எக்ஸ்கேபி என்று சொல்கிறார்களே அதில், இந்தப் பெயரில் இருப்பது தட்டச்சு இயந்திரத்தின் அமைப்பு. நடு வரிசையில் இடது கையை வைத்தால் ய ள ன க ப. எச்-இல் துணைக்கால்.

பெயரை விடுங்கள், எக்ஸ்கேபி வகையில் ஒரு அடிப்படை வரம்பு உண்டு. ஒரு விசைக்கு ஒரு குறி, அதற்கு மேல் அதற்கு யோசிக்கத் தெரியாது. தமிழ்99-க்கோ முன்னால் என்ன எழுத்து வந்தது என்று நினைவு வேண்டும். க அடித்து இ அடித்தால் கி ஆக வேண்டும், க அடித்து மறுபடி க அடித்தால் முதல் க-வுக்குப் புள்ளி விழ வேண்டும். இதை ஐபஸ் மாதிரி நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றால்தான் செய்ய முடியும். ஆக, இன்புட் சோர்சஸில் இருந்து தமிழ்நெட் '99-ஐ எடுத்துவிட்டு, எம்17என் என்று அடைப்புக்குள் போட்ட தமிழ்99-ஐச் சேர்த்தால் தீர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் சித்தப்பா அரசு அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஹையர் பாஸ் செய்தவர். நான் திட்டிக்கொண்டே நீக்கிய பலகையைப் பார்த்துவிட்டு, "இதாண்டா சரியான கீபோர்டு, ஏன் எடுக்கிற?" என்றார். அவருக்கு விரல் தானாக ஓடியது, கொம்பு வைத்த எழுத்து வரும் வரைக்கும். தட்டச்சுப் பொறியில் கெ அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. இன்றைய கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொதுக் குறியாக்கமான யூனிகோடில் க முதலில் சேமிக்கப்பட வேண்டும், கொம்பு அதன் பின்னால். முன்னால் அடித்த கொம்பைப் பின்னால் நகர்த்தி வைக்க எக்ஸ்கேபிக்குத் தெரியாது, அதனால் திரையில் ஒரு புள்ளிவட்டத்தோடு கொம்பு தொங்கிக்கொண்டிருக்க, க தனியாக நிற்கும். தட்டச்சுப் பழக்கம் உள்ளவர்கள் எம்17என் பட்டியலில் உள்ள டைப்ரைட்டரைச் சேர்த்து, வேறு எதையும் அடிப்பதற்கு முன் கெ, கே, கை, கொ என்ற நான்கையும் அடித்துப் பாருங்கள். நான்கும் தேறினால் அதுதான் உங்கள் பலகை.

கோடும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்து வருகிறது

அதே பட்டியலில் டிஸ்கி என்றும் டாப் என்றும் பெயர் ஒட்டிய இரண்டு உண்டு. யூனிகோடுக்கு முந்திய எட்டு பிட் குறியாக்கங்கள் அவை, அதற்கென்று செய்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். இன்றைக்கு அதில் புதிதாக அடிக்க யாருக்கும் காரணம் இருக்காது. பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே அதில் நாலு பக்கம் அடித்துவிட்டீர்கள் என்றால் திரும்ப அடிக்க வேண்டாம், குறியாக்க மாற்றிகள் இருக்கின்றன, ஒட்டினால் யூனிகோடாக்கித் தரும்.

தமிழ்99 சேர்த்துவிட்டேன், ஆனால் ஆங்கிலமே வருகிறது

திரையின் மேல் வலது மூலையில் மொழிக்குறி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அது ஆங்கிலத்தைக் காட்டினால் நீங்கள் மாற்றவே இல்லை. விண்டோஸில் ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்த்து அழுத்திப் பழகிய கை இங்கேயும் அதையே அழுத்தும். இங்கே மாற்றுவது விண்டோஸ் படம் போட்ட விசையும் இடைவெளி விசையும் சேர்த்து. அந்த விசையை லினக்ஸில் சூப்பர் என்பார்கள். பழைய பழக்கத்தை விட முடியாது என்றால் ட்வீக்ஸ் என்ற செயலியை நிறுவி அதில் ஆல்ட், ஷிஃப்டையே மாற்று விசையாக வைத்துக்கொள்ளலாம். கண்ட்ரோலும் இடைவெளியும் வேண்டாம் என்பது என் கருத்து. விரிதாளில் அது நெடுவரிசையைத் தேர்வு செய்யும், நிரல் எழுதுகிறவர்களுக்கு அது பரிந்துரைப் பட்டியலைத் திறக்கும், இரண்டு பக்கமும் சண்டை.

குறி தமிழைக் காட்டுகிறது, ஒரு சன்னலில் தமிழ் வருகிறது, இன்னொன்றுக்குப் போனால் ஆங்கிலம் என்றால், இன்புட் சோர்சஸுக்குக் கீழேயே ஒரு தேர்வு இருக்கும்: எல்லாச் சன்னலுக்கும் ஒரே மொழி, அல்லது சன்னலுக்குச் சன்னல் தனி மொழி. உங்களுக்கு எது வசதியோ அது. நான் தனித்தனியாக வைத்திருக்கிறேன், டெர்மினலில் எப்போதும் ஆங்கிலம் இருக்க வேண்டும் என்பதற்காக.

குறி தமிழ், உரைத்திருத்தியில் தமிழ் நன்றாக வருகிறது, ஃபயர்ஃபாக்ஸிலும் வருகிறது, குரோமிலோ அதே குடும்பத்தில் செய்த அரட்டைச் செயலிகளிலோ மட்டும் வரவில்லை. இப்படி என்றால் பலகையைத் தொடவே தொடாதீர்கள். உபுண்டு இப்போது திரையை வேலண்ட் என்ற முறையில் ஓட்டுகிறது, முன்பு எக்ஸார்க். குரோம் வகைச் செயலிகள் சில அமைப்புகளில் வேலண்டில் ஓடும்போது உள்ளீட்டு முறையோடு பேசத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதுதானா என்று உறுதி செய்ய ஒரு வழி: 24.04-இல் வெளியேறி, உள்நுழைவுத் திரையில் உங்கள் பெயரைச் சொடுக்கினால் கீழ் வலது மூலையில் ஒரு பல்சக்கரம் தெரியும், அதில் எக்ஸார்க் என்று முடிகிற வரியைத் தேர்ந்து உள்ளே வாருங்கள். இப்போது குரோமில் தமிழ் வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. அவசர வேலை இருக்கிறவர்கள் அப்படியே எக்ஸார்க்கிலேயே ஓட்டலாம். 25.10-இல் இருந்து அந்த வரியே கிடையாது, அங்கே செயலியின் தொடக்கக் கட்டளையில் வேலண்டுக்கான உள்ளீட்டு முறையை இயக்கு என்ற கூடுதல் சொல்லை (ஃபிளாக்) சேர்ப்பதுதான் வழி.

எங்கேயுமே வரவில்லை என்றால் ஒரு கேள்வி. முன்பு எப்போதாவது பழைய வழிகாட்டி எதையாவது பார்த்து, முகப்புக் கோப்புறையில் மறைந்திருக்கும் புரொஃபைல் கோப்பிலோ வேறு எங்கோ ஜிடிகே, கியூடி என்று தொடங்கும் இரண்டு மூன்று வரியை ஒட்டினீர்களா? அநேகமாக ஒட்டியிருப்பீர்கள், நானும் ஒட்டினேன். உபுண்டுவின் வழக்கமான மேசையான (டெஸ்க்டாப்) நோமில் அந்த வரிகள் தேவையில்லை, அதில் வேறொரு உள்ளீட்டு முறையின் பெயர் இருந்தால் ஐபஸ்ஸின் காதை அடைத்துவிடும். அந்த வரிகளை எடுத்துவிட்டு வெளியேறி உள்ளே வாருங்கள்.

கேடிஈ மேசை வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. அங்கே வேலண்டில் ஐபஸ்ஸைத் தேர்வு செய்கிற இடம் சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. திரையில் தோன்றும் தொடுபலகை நமக்கு எதற்கு என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுவோம். அதைத் திறந்து ஐபஸ் வேலண்ட் என்பதையோ, ஐபஸ்ஸுக்குப் பதிலாக எஃப்சிஐடிஎக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் அதன் பெயரையோ தேர்வு செய்ய வேண்டும்.

அ அடித்தால் ஆ, ஆ அடித்தால் அ

பாரிஸில் இருக்கும் நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னபோது முதலில் எனக்குப் புரியவில்லை. மற்ற எழுத்தெல்லாம் அநேகமாகச் சரி, அ-வும் ஆ-வும் மட்டும் மாறி, ஈ இருக்க வேண்டிய இடத்தில் ஔ. அவருடைய விசைப்பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பிரெஞ்சுப் பலகை. மேல் வரிசை கியூ, டபிள்யூ என்று தொடங்காமல் ஏ, இசட் என்று தொடங்குகிறது. தமிழ்99 கியூ-வில் ஆ-வும் டபிள்யூ-வில் ஈ-யும் வைத்திருக்கிறது. அடியில் இருக்கும் பலகை அந்த இடங்களை ஏ, இசட் என்று சொன்னால் ஐபஸ்ஸும் அதை நம்பி அ-வும் ஔ-வும் போடும். ஜெர்மானியப் பலகை என்றால் ஒய்-யும் இசட்-டும் இடம் மாறும், ள வர வேண்டிய இடத்தில் ஔ வரும்.

ஐபஸ் விருப்பங்கள் சன்னலைத் திறந்து, உள்ளீட்டு முறை பட்டியலில் தமிழ்99-ஐச் சொடுக்கி அதன் அமைப்புக்குள் போனால், புதிய பதிப்புகளில் அமெரிக்க விசையமைப்பைப் பயன்படுத்து என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் தமிழ் அடிக்கும்போது மட்டும் அடிப்பலகை அமெரிக்க ஆங்கிலமாகிவிடும், பிரெஞ்சு அடிக்கும்போது பிரெஞ்சு. விசை மேல் அச்சடித்திருப்பதைப் பார்க்காமல் அடிக்கிறவர்களுக்கு இது போதும்.

நான் வைக்காத புள்ளி தானாக விழுகிறது

தமிழ்99-க்குப் புதிதாக வந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. பிழை இல்லை, பலகையின் அழகே அதுதான். அம்மா என்று அடிக்க ஆங்கில ஏ, கே, கே, கியூ, நான்கே தட்டு. இரண்டாவது ம வந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற, இந்த ஆறு சோடிகளுக்கும் அப்படியே. வேண்டாத இடம் சில வரும். மமதை அடிக்கும்போது ம்மதை என்று வந்து நிற்கும். முதல் ம-வுக்குப் பின் ஒரு அ தட்டிவிட்டு அடுத்த ம அடியுங்கள், அந்த அ திரையில் வராது, இரண்டையும் பிரித்துவிடும். மற்றபடி சொல்லின் கடைசிப் புள்ளியை நீங்கள்தான் வைக்க வேண்டும், எஃப் விசை. தமிழ் என்பது எல், கே, எஸ், சாய்கோடு, எஃப்.

சாய்கோட்டில் ழ உட்கார்ந்திருப்பதால் தமிழில் இருந்துகொண்டே இணைய முகவரி அடித்தால் ழ ழ என்று வரும், சதுர அடைப்புக்குறி கேட்டால் ச-வும் ஞ-வும் வரும். அதற்கு ஆங்கிலத்துக்கு மாறித்தான் ஆக வேண்டும்.

ஒலிப்பு முறையில் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, ந வரவில்லை, ன-தான் வருகிறது என்று. அஞ்சல் என்ற ஒலிப்பு முறையில் ந-வுக்கு டபிள்யூ. மற்ற முறைகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, விண்டோஸில் நீங்கள் வைத்திருந்ததும் இங்கே கிடைப்பதும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கடைசி எழுத்து காணாமல் போகிறது

அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள், கடைசி எழுத்தின் அடியில் மெல்லிய கோடு தெரிகிறது, சுட்டியால் வேறு இடத்தைச் சொடுக்கியதும் அந்த எழுத்து போய்விடுகிறது. அரட்டையில் அனுப்பு பொத்தானை அழுத்தினால் வணக்கம் என்பது வணக்க என்று போய்ச் சேர்கிறது. அடிக்கோடு இருக்கும் வரை அந்த எழுத்து ஐபஸ்ஸின் கையில்தான் இருக்கிறது, செயலிக்கு இன்னும் கொடுக்கவில்லை. அடுத்து உயிர் வருமா, புள்ளி வருமா என்று காத்துக்கொண்டிருக்கிறது. சொடுக்குவதற்கு முன் ஒரு இடைவெளி அல்லது வலது அம்பு தட்டிப் பழகிக்கொள்ளுங்கள். இதை அமைப்பில் சரிசெய்ய நான் கொஞ்சம் மெனக்கெட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன், இரண்டு வாரத்தில் விரலே தானாக இடைவெளி தட்டப் பழகிவிட்டது.

கடவுச்சொல் தவறு என்கிறது, சரியாகத்தான் அடிக்கிறேன்

உள்நுழைவுத் திரையில் என்றால் மேல் மூலையில் மொழிக்குறியைப் பாருங்கள், தமிழ் எக்ஸ்கேபி பலகை ஏதாவது முதலில் நின்றால் கடவுச்சொல் தமிழில் போய்க்கொண்டிருக்கும். இன்புட் சோர்சஸில் ஆங்கிலத்தை எப்போதும் முதல் வரிசையில் வைத்திருங்கள். தமிழ் போதும் என்று ஆங்கிலத்தை எடுத்துவிட்டவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன், அந்தத் தைரியம் வேண்டாம்.

டெர்மினலில்தான் இது கண்ணுக்கே தெரியாது. உலாவியிலும் மற்றச் சன்னல்களிலும் கடவுச்சொல் பெட்டி என்று தெரிந்தால் ஐபஸ் ஒதுங்கிக்கொள்ளும். டெர்மினலில் சூடோ கேட்பது கடவுச்சொல் என்று அதற்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. 24.04-இல் நாம் அடிப்பது திரையில் நட்சத்திரமாகக்கூட வராது. அன்று இரவு பொதியைத் தமிழில் இருந்துகொண்டே நீக்கப் போய், மூன்று தடவை மன்னிக்கவும் மறுபடி முயலுங்கள் என்ற பதிலை வாங்கிக்கொண்டு, கேப்ஸ் லாக்கைப் பார்த்து, விசைப்பலகையைத் தட்டிப் பார்த்து, கடவுச்சொல்லே மறந்துவிட்டதோ என்று பயந்து, அப்புறம்தான் மூலையில் த என்று ஒளிர்ந்ததைக் கவனித்தேன்.

கட்டம் கட்டமாகத் தெரிகிறது

எழுத்துரு இல்லை. நோட்டோ தமிழ் அல்லது லோகித் தமிழ் இரண்டில் ஒன்று போதும். அடித்தது கெட்டுப்போகவில்லை, எழுத்துரு வந்ததும் அதே கோப்பு தமிழாகத் தெரியும்.

லிப்ரே ஆபீஸில் தமிழ் தெரிகிறது, ஆனால் எழுத்துருவை மாற்றினால் மாறவில்லை, அளவைக் கூட்டினால் கூடவில்லை என்றால் அது வேறு. அதற்குத் தமிழ் சிக்கலெழுத்து (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்) வகை, ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, சிக்கலெழுத்துக்குத் தனியாக ஒரு எழுத்துரு என்று இரட்டைக் கணக்கு வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழி அமைப்பில் சிக்கலெழுத்து அமைப்பை இயக்கி, அதன் இயல்பு மொழியாகத் தமிழை வையுங்கள். பிறகு எழுத்துருச் சன்னலைத் திறந்தால் இரண்டு பகுதி தெரியும், சிக்கலெழுத்துக்கானது நம்முடையது.

பார்க்கச் சரியாக இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

புதுப் பலகையில் அடித்த சொல்லைப் பழைய கோப்பில் தேடுகிறீர்கள், கண்ணுக்கு எதிரே இருக்கிறது, இல்லை என்கிறது. பழைய கோப்பில் அடித்தவர் ஏமாற்றியிருப்பார், வேண்டுமென்றே இல்லை. ஔவை என்பதை ஒ-வும் ள-வும் சேர்த்து ஒளவை என்று அடித்திருப்பார். கௌரி என்பதில் கெ-யும் ள-வும். ர என்பதற்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைத்திருப்பார், அவர் என்ற சொல் அச்சில் பார்க்க ஒன்றுமே தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். தட்டச்சுப் பழக்கத்தில் இருந்து வந்தவர்கள் கோப்பில் இது மலிந்து கிடக்கும். ஸ்ரீ இன்னும் மோசம், ஸ-வில் தொடங்கி ஒன்று, ஶ-வில் தொடங்கி ஒன்று, இரண்டும் திரையில் ஒரே படம். ஶ யூனிகோடுக்குள் வந்ததே 2005-இல்தான், ஆகவே அதற்கு முந்திய கோப்புகளில் ஸ-தான் இருக்கும். எது இருக்கிறது என்று பார்க்க, எழுத்தின் பின்னால் நின்று பின்னழி விசையை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், எந்தத் துண்டு போய் எது மிஞ்சுகிறது என்று பார்த்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். பிறகு கண்டுபிடித்து மாற்று கொடுத்து மொத்தமாகத் திருத்தலாம், துணைக்காலும் புள்ளியும் அடுத்தடுத்து வருவதைத் தேடி ர் ஆக்கினால் தவறாகப் போக வாய்ப்பே இல்லை, தமிழில் அப்படி ஒரு சேர்க்கை கிடையாது.

பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது

இதற்கும் விசைப்பலகைக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் இயங்குதளம் மாற்றிய வாரத்தில்தான் எல்லாரும் இதைக் கண்டுபிடிப்பார்கள். கோப்பு பாமினி மாதிரியான எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டிருந்தது. பழைய கணினியில் எழுத்துரு இருந்தது, புதியதில் இல்லை. இலங்கையில் இருந்து வரும் கோப்புகளில் பாமினி நிறைய. எழுத்துருவைத் தேடிப் பிடித்து நிறுவினால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் தேடவோ வேறு இடத்தில் ஒட்டவோ முடியாது. யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதும் ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள், நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல், மின்னஞ்சல் முகவரி ஏதாவது இருந்தால் அதையும் தமிழாக்கி வைத்திருக்கும்.

எண்கள் தமிழில் வருகின்றன

1, 2, 3 அடித்தால் ௧, ௨, ௩ வருகிறதா? தமிழ் எண்களுடன் என்று பெயர் நீண்ட வகையைத் தேர்ந்திருக்கிறீர்கள். அரபு எண்களுடன் என்று முடிவதை எடுங்கள், அல்லது எம்17என் தமிழ்99-க்கு வந்துவிடுங்கள். சித்தப்பா மட்டும் அதை அப்படியே வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கை ௧௫௦, ௨௦௦ என்று எழுதிக்கொண்டிருக்கிறார். விரிதாள் கூட்ட மறுக்கிறது என்று போன வாரம் கூப்பிட்டார்.